முகவீக்கமும் அசதியும்: சாப்பாட்டின் மேல் பழி போடும் முன் பார்க்க வேண்டியவை

முகம் வீங்கியிருக்கும் நேரத்திலேயே இதைத் தேடிப் படிக்கிறீர்கள் என்றால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதை மட்டும் பாருங்கள். நாக்கு தடித்திருக்கிறதா, தொண்டை இறுகுகிறதா, குரல் கரகரத்துப் போய்விட்டதா, எச்சில் விழுங்கச் சிரமமாக இருக்கிறதா, மூச்சில் விசில் சத்தம் கேட்கிறதா, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா, வாந்தி விடாமல் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் படிப்பதை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.

வண்டி வரும்வரை கால்களைத் தலையணை மேல் உயர்த்தி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். மூச்சு விடுவதுதான் பெரிய சிரமம் என்றால் சாய்ந்து உட்காரலாம், வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கலாம். எழுந்து நடப்பது, மாடிப்படி இறங்குவது, பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போவது எதுவும் கூடாது. கடுமையான ஒவ்வாமையில் ரத்த அழுத்தம் சட்டென்று விழும், அந்த நேரத்தில் நிமிர்ந்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் இன்னும் குறையும், மயங்கி விழுந்து மோசமாகிவிடும். வேறு வழியே இல்லாமல் வீட்டு வண்டியில் போக நேர்ந்தால் பின் சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள்.

இதற்கு உயிர் காக்கும் மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள், பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 0.5 மில்லிகிராம். அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் ‘அலர்ஜி’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், ‘இன்னது சாப்பிட்டு இத்தனை நிமிஷத்தில் முகம் வீங்கியது, இப்போது மூச்சு முட்டுகிறது’ என்று சொல்லுங்கள், அந்த ஒரு வாக்கியத்தில் அவர்களுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. அவில், செட்ரிசின் மாதிரி மாத்திரைகள் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அடைக்கிற மூச்சுப்பாதையைத் திறக்காது, விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது. வெற்றிலையில் மிளகு வைத்து மென்று தின்னச் சொல்வது நம் ஊரில் காணாக்கடிக்கு, அதாவது திடீரென்று உடம்பில் வரும் அரிப்புத் தடிப்புக்கு, பழக்கமான கைவைத்தியம், ஆனால் தொண்டை வீங்குகிறவர் வாயில் எதையும் போடக்கூடாது, தண்ணீர்கூட வேண்டாம். ஊசி போட்டுச் சரியான பிறகும் சில மணி நேரம் அங்கேயே இருக்கச் சொன்னால் இருங்கள், அடங்கிய எதிர்வினை சில மணி நேரம் கழித்துத் திரும்ப வருவது உண்டு.

சரி, அந்த ஆபத்து எதுவும் இல்லை, ஆனால் அடிக்கடி இமை உப்புகிறது, உதடு தடிக்கிறது, உடம்பு அடித்துப்போட்ட மாதிரி அசதியாக இருக்கிறது, ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகம். இப்படி இருப்பவர்களுக்குத்தான் மீதி எல்லாம். நம் வீடுகளில் இந்தச் சந்தேகம் வந்ததுமே கத்தரிக்காய், கருவாடு, இறால், நிலக்கடலை என்று ‘கரப்பான் பண்டம்’ எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள், அதிலும் அடங்கவில்லை என்றால் பால், முட்டை, பருப்பு என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் ரசம் சாதத்தில் வந்து நிற்பார்கள். வீக்கம் அப்படியே இருக்கும், அசதி மட்டும் கூடியிருக்கும், ஏனென்றால் இப்போது புரதமும் இரும்புச் சத்தும் உடம்புக்குப் போவதில்லை. இதைத்தான் நான் தடுக்க நினைக்கிறேன். நிறுத்துவதற்கு முன் கண்டுபிடியுங்கள்.

கடிகாரத்தைப் பாருங்கள்

உணவு ஒவ்வாமையால் முகம் வீங்குவது பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிஷங்களில் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். வாயில் அரிப்பு, உதட்டில் ஊறல், உடம்பில் தடிப்பு, வயிற்றைப் பிசைவது இவை கூடவே வரும். அதே உணவை அடுத்த தடவை சாப்பிட்டாலும் ஏறக்குறைய அதேதான் நடக்கும். ஆகவே நேற்று மத்தியானம் சாப்பிட்ட இறால் தொக்கு இன்று காலை இமையை உப்ப வைத்தது என்பது நம்பக் கஷ்டமான கதை, அதே தொக்கைப் போன மாதம் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் இன்னும் கஷ்டம்.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பன்றி இறைச்சியில் இருக்கும் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரைக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில் வரும், சில வகை உண்ணி கடித்த பிறகு இது உண்டாகிறது. இன்னொரு வகையில் கோதுமை சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஓடினால் ஒன்றும் ஆகாது, சப்பாத்தி சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஓடினால் மட்டும் உடம்பெல்லாம் தடித்து மயக்கம் வரும். இதனால்தான் சாப்பாட்டோடு அன்று செய்த உடற்பயிற்சி, குடித்த மது, போட்ட வலி மாத்திரை, இருந்த காய்ச்சல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். தனியாக இருந்தால் சும்மா இருக்கும் உணவு, இவற்றில் ஒன்று துணைக்கு வந்தால் வேலையைக் காட்டும்.

மீன் விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. சூரை, அயிலை, மத்தி மாதிரி மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்திருந்தால் பாக்டீரியாக்கள் அந்தச் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். ஒவ்வாமை வரும்போது நம் உடம்பே சுரப்பதும் அதே ஹிஸ்டமின்தான். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து சூடாகும், தலை வலிக்கும், தடிப்பு வரும், பார்க்க அசல் ஒவ்வாமை மாதிரியே இருக்கும். ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வந்தது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். அந்த மீனை ஆயுளுக்கும் விட வேண்டியதில்லை, வாங்கும் இடத்தை மாற்ற வேண்டும், கடையிலிருந்து ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். மருத்துவரிடமும் இதைச் சொல்லுங்கள், இல்லையென்றால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ‘மீன் அலர்ஜி’ என்று எழுதப்பட்டு அது அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

மாவும் இப்படித்தான். ஈரக்காற்று உள்ள ஊரில் பிரித்த மைதா, கோதுமை மாவை வெளியே மாதக்கணக்கில் வைத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அதில் பெருகும். தூசிப்பூச்சி ஒவ்வாமையால் ஏற்கெனவே தும்மல், ஆஸ்துமா இருப்பவர்கள் அந்த மாவில் செய்ததைச் சாப்பிட்டால் கடுமையாக வீங்கலாம், சுட்டுத் தின்றாலும் வீங்கலாம். கடை பரோட்டா ஒத்துக்கொள்கிறது, வீட்டில் சுட்டால் மட்டும் முகம் வீங்குகிறது என்று யாராவது சொன்னால் முதலில் மாவு டப்பாவைத் திறந்து பாருங்கள். மாவை ஃபிரிட்ஜில், காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இந்தத் தொந்தரவு குறைந்துவிடும்.

தட்டுக்கு முன்னால் மாத்திரை டப்பா

இது மிகவும் முக்கியம், இதைத்தான் யாரும் கேட்பதில்லை. ரத்த அழுத்தத்துக்குப் போடும் மாத்திரைகளில் எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று ‘பிரில்’ என முடியும் ஒரு குடும்பம் இருக்கிறது. சிலருக்கு இவை உதடு, நாக்கு, முகத்தை வீங்க வைக்கும். தொடங்கிய வாரத்திலேயும் வரலாம், வருஷக்கணக்கில் ஒரு தொந்தரவும் இல்லாமல் போட்டுவந்த பிறகு திடீரென்றும் வரலாம், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அரிப்பு இருக்காது, தடிப்பு இருக்காது, அவில் போட்டாலும் அசையாது. என் உறவில் ஒரு அத்தை கருவாட்டை விட்டு, கத்தரிக்காயை விட்டு, கடைசியில் வீட்டுச் சாம்பாரைக்கூடச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார், மாத்திரையை மாற்றிக் கொடுத்த பிறகுதான் உதடு வீங்குவது நின்றது. இந்த மாத்திரை போடுகிறவருக்கு முகம் வீங்கினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், அடுத்த வேளை மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே கேளுங்கள். மாற்று மருந்துகள் நிறைய இருக்கின்றன, ஆகவே பயந்துகொண்டு பிரஷர் மருந்தையே மொத்தமாக விட்டுவிட வேண்டாம்.

அடுத்தது வலி மாத்திரைகள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக். தலைவலிக்கு, மாதவிடாய் வலிக்கு, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டிருப்போம், அதை ஒரு மருந்தாகவே நினைவில் வைத்திருக்க மாட்டோம், அன்று சாயங்காலம் கண் இமை வீங்கும்போது மத்தியானம் சாப்பிட்ட பிரியாணி மட்டும்தான் ஞாபகம் வரும்.

தலைக்குப் போடும் சாயத்தையும் பாருங்கள். கறுப்புச் சாயங்களில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நெற்றி, காது, இமை எல்லாம் உப்பும், கண்ணைத் திறக்க முடியாத அளவுக்குக்கூட. போட்ட அன்றே வராமல் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்து வரும், கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயம் போட்டுவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டின் மேல் பழி போடுவது இப்படித்தான். சீக்கிரம் சிவக்கும், கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கிற ‘கறுப்பு மருதாணி’யிலும் இதே பிபிடி இருக்கலாம். புதிதாக வாங்கிய முகப்பூச்சு, ஸ்டிக்கர் பொட்டின் பசை, நகப்பூச்சு இவையும் இமையைத் தொந்தரவு செய்யும். நகத்தில் இருப்பது இமைக்கு எப்படிப் போகும் என்று கேட்கலாம், கண்ணைக் கசக்கும் கை அதே கைதானே, இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என்னை வருத்தப்பட வைக்கிற விஷயம். வீக்கம் வரும்போதெல்லாம் மருந்துக் கடையில் ‘அலர்ஜிக்கு ஏதாவது கொடுங்க’ என்று கேட்டு வாங்கும் பொட்டலத்தில் பெட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு இருக்கலாம். போட்டதும் அரிப்பும் வீக்கமும் மாயமாய்ப் போகும், பசி எடுக்கும், தெம்பு வந்த மாதிரி இருக்கும். அதையே மாதக்கணக்கில் போட்டால் முகம் வட்டமாக ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், சட்டென்று நிறுத்தினால் தாங்க முடியாத சோர்வு வரும். வீக்கத்துக்கும் அசதிக்கும் என்று தொடங்கிய மாத்திரை அந்த இரண்டையும் தானே உண்டாக்க ஆரம்பித்துவிடும். இப்படி நீண்ட நாள் போட்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

வீக்கம் எப்படி இருக்கிறது

தினமும் காலையில் இரண்டு கண்ணைச் சுற்றியும் உப்பி, வெயில் ஏற ஏற வடிந்து, சாயங்காலம் கணுக்கால் வீங்கினால், சிறுநீரில் நுரை நிறையப் போனால், அது சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டிய வீக்கம். சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையிலேயே புரதம் வெளியேறுவது தெரிந்துவிடும், செலவும் குறைவு. குழந்தைகளுக்குக் காலையில் கண் உப்பினால் பூச்சி கடித்திருக்கும், பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாள் கடத்தாமல் இந்தப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள்.

முகம் முழுக்க ஒரு மாதிரி மந்தமாக உப்பி, தோல் வறண்டு, முடி கொட்டி, எடை கூடி, மலச்சிக்கல் வந்து, மற்றவர்கள் ஃபேன் கேட்கும்போது உங்களுக்கு மட்டும் குளிர்ந்தால் தைராய்டு. முகவீக்கமும் அசதியும் சேர்ந்தே வருகிறது என்றால் நான் முதலில் கேட்கச் சொல்லும் பரிசோதனை டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனைதான், அதுவும் பெண்களாக இருந்தால் கட்டாயம்.

ஒரு பக்கக் கன்னம் மட்டும் வலியோடு வீங்கினால் பல்லைப் பாருங்கள். கண்ணைச் சுற்றிச் சிவந்து, சூடாக, காய்ச்சலோடு வீங்கினால் அது தொற்று, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பார்வை மங்கினாலோ கண்ணை அசைக்க வலித்தாலோ மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாது.

அரிப்பே இல்லாத, தடிப்பே இல்லாத வீக்கம் மெதுவாக ஏறி இரண்டு மூன்று நாள் இருந்து வடிகிறது, நடுநடுவே காரணம் தெரியாத கடும் வயிற்றுவலி வருகிறது, அப்பாவுக்கோ சித்திக்கோ இப்படி வந்திருக்கிறது என்றால் பரம்பரையாக வரும் ஒரு வீக்க நோயை நினைக்க வேண்டும். சி1 இன்ஹிபிட்டர் என்ற புரதம் குறைவதால் வருவது. ஒவ்வாமை மருந்துகள் எதுவும் இதற்கு வேலை செய்யாது, தொண்டையில் வந்தால் உயிருக்கு ஆபத்து. சி4 என்ற ரத்தப் பரிசோதனையில் தொடங்குவார்கள். அரிய நோய்தான், ஆனாலும் குடும்பத்தில் யாராவது ‘தொண்டை அடைத்துச் செத்துப்போனார்’ என்ற கதை இருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

அசதியைத் தனியாக விசாரியுங்கள்

முகவீக்கமும் அசதியும் ஒரே நேரத்தில் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே காரணம் என்று நினைத்துவிடுகிறோம். கடுமையான ஒவ்வாமை வந்த மறுநாள் உடம்பு ஓய்ந்துபோவது உண்மை, ராத்திரி முழுக்க அரிப்பால் தூங்காமல் இருந்தாலும் அசதி வரும். ஆனால் வீக்கம் இல்லாத நாட்களிலும், மாதக்கணக்கில், படி ஏறினாலே மூச்சு வாங்குகிற அசதி என்றால் அதற்கு உணவு ஒவ்வாமையைக் காரணம் சொல்வது கஷ்டம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். அப்படியிருக்க, அசதி என்று வரும் ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபினும், உடம்பில் இரும்புச் சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்க்காமல் உணவுப் பட்டியலைக் கையில் கொடுப்பது நியாயமே இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12, எல்லோருக்கும் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம். குறட்டை விட்டுத் தூங்கிக் காலையில் தலைவலியோடு எழுந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அப்புறம், நீங்கள் போடும் ஒவ்வாமை மாத்திரையே உங்களைப் படுக்க வைக்கலாம். அவில், குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய மாத்திரைகள் நன்றாகத் தூக்கம் வர வைக்கும், மறுநாள்கூட மந்தமாக இருக்கும், வண்டி ஓட்டுவது ஆபத்து. செட்ரிசினும் சிலரைத் தூங்க வைக்கும். ஃபெக்சோஃபெனடின், லோரடடின், பிலாஸ்டின் ஆகியவை பெரும்பாலானவர்களுக்கு அந்த அளவுக்குத் தூக்கம் தராது, மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு நோட்டு, ஒரு போன்

நோட்டில் எழுத வேண்டியது ‘காலை இட்லி, மத்தியானம் சாப்பாடு’ என்று இல்லை. என்ன சாப்பிட்டீர்கள், தொட்டுக்கொள்ள என்ன, எந்தக் கடையில், எத்தனை மணிக்கு, வீக்கம் எத்தனை மணிக்குத் தெரிந்தது, எத்தனை மணிக்கு வடிந்தது, அரிப்பு இருந்ததா, அன்று என்ன மாத்திரை, வேலையா பயிற்சியா, மாதவிடாய் நாளா, தலைக்குச் சாயம் போட்டு எத்தனை நாள் ஆனது, இப்படி எழுதுங்கள். வீக்கம் இல்லாத நாட்களையும் எழுத வேண்டும், அந்த நாட்கள்தான் நிறைய உணவுகளைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்கும். வீங்கும்போது முகத்தை நேராக, பக்கவாட்டில், நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள், மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் வீக்கம் பெரும்பாலும் இருக்காது. பாக்கெட் உணவு என்றால் பின்பக்கப் பட்டியலையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நான்கு வாரம் எழுதினால் ஒரு சந்தேகம் மேலே வரும், அல்லது எதுவுமே வராது. வராததும் ஒரு பதில்தான்.

சந்தேகம் வந்தால் அந்த ஒன்றை மட்டும் இரண்டு முதல் நான்கு வாரம் முழுமையாக நிறுத்துங்கள், மற்றதெல்லாம் வழக்கம்போல. வீக்கம் முன்பு வந்த மாதிரியே வந்துகொண்டிருந்தால் அந்த உணவு குற்றவாளி இல்லை, திரும்பச் சாப்பிடுங்கள். நின்றுவிட்டால், வயிற்று உப்புசம், மந்தம் மாதிரி லேசான தொந்தரவாக இருந்தது என்றால் மட்டும் வீட்டில் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம். சாப்பிட்டதும் முகமோ உதடோ வீங்கியது, தடிப்பு வந்தது, மூச்சு வாங்கியது என்றால் ஒரு துளிகூட வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள், முதல் தடவை லேசாக வந்தது இரண்டாம் தடவையும் லேசாகத்தான் வரும் என்று உறுதி கிடையாது. அந்தச் சோதனை மருத்துவமனையில், அட்ரினலின் பக்கத்தில் இருக்கச் செய்ய வேண்டியது. குழந்தைகளுக்கு எந்த உணவை நிறுத்துவதானாலும் மருத்துவர் சொல்லித்தான், வளரும் உடம்பில் பாலையும் முட்டையையும் யூகத்தின் பேரில் பறிக்கக் கூடாது.

பரிசோதனைகளில் பணத்தைக் கரைக்காமல் இருக்க

கையில் சொட்டுச் சொட்டாக வைத்துக் குத்திப் பார்க்கும் தோல் பரிசோதனை, குறிப்பிட்ட உணவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஐஜிஇ என்ற ஒவ்வாமைப் புரதத்தைத் தேடும் ரத்தப் பரிசோதனை, இந்த இரண்டும் உதவும், ஆனால் உங்கள் நோட்டில் இருக்கும் சந்தேகத்தை உறுதி செய்வதற்குத்தான். பாசிட்டிவ் வந்தால் உடம்பு அந்த உணவை அடையாளம் வைத்திருக்கிறது என்று மட்டும் பொருள், சாப்பிட்டால் கட்டாயம் வீங்கும் என்று பொருளில்லை. வழக்கமாகச் சாப்பிட்டு ஒரு தொந்தரவும் இல்லாத உணவைத் தாளில் பாசிட்டிவ் என்று போட்டிருப்பதால் நிறுத்த வேண்டாம். தோல் பரிசோதனைக்கு முன் ஒவ்வாமை மாத்திரைகளைச் சில நாள், சில சமயம் ஒரு வாரம்வரை நிறுத்தச் சொல்வார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நூறு உணவு, இருநூறு உணவு என்று விளம்பரம் செய்து விற்கும் ஐஜிஜி பரிசோதனைகளைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். ஐஜிஜி என்பது நாம் அந்த உணவைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்பதற்கான அடையாளம், ஒவ்வாமைக்கானது அல்ல. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இது உதவாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது, அமெரிக்க அமைப்பும் அதையேதான் சொல்கிறது. தினமும் அரிசி, பருப்பு, தேங்காய் சாப்பிடும் ஒருவருக்கு அந்தத் தாளில் அரிசி, பருப்பு, தேங்காய் சிவப்பாக வருவதில் என்ன ஆச்சரியம்? அந்தத் தாளை நம்பிச் சோற்றையே விட்டவர்கள் இருக்கிறார்கள். அதே பணத்தில் மேலே சொன்ன ரத்தசோகை, தைராய்டு, சிறுநீர்ப் பரிசோதனைகளை எடுத்துவிடலாம்.

நிஜமாகவே ஒரு உணவுதான் என்றால்

அது ஒளிந்திருக்கும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். இட்லிப்பொடியில் எள் இருக்கும், கடைச் சட்னியில் பொட்டுக்கடலையோடு நிலக்கடலை சேர்ப்பார்கள், கல்யாண வீட்டுக் குருமாவில் முந்திரி அரைத்து ஊற்றியிருப்பார்கள். இலங்கைச் சம்பலில் மாசிக்கருவாடு, மலேசியா சிங்கப்பூர்ச் சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது. இறால் பொரித்த எண்ணெயிலேயே வாழைக்காய் பஜ்ஜியும் போடும் கடைகளில் சைவம் என்று கேட்டு வாங்கினால்கூடத் தப்ப முடியாது.

இந்தியாவில் 2020-ல் வந்த உணவு லேபிள் விதிகளின்படி பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள், சல்ஃபைட் ஆகியவற்றை அலர்ஜி எச்சரிக்கையாகப் போட வேண்டும். எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இல்லை. ஐரோப்பாவில் இரண்டும் உண்டு, அமெரிக்கா 2023 முதல் எள்ளைச் சேர்த்திருக்கிறது. நல்லெண்ணெயில் சமைத்துக் கடுகு தாளிக்கும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்: எள் ஒத்துக்கொள்ளாதவர் எச்சரிக்கை வரியைப் படித்தால் போதாது, சேர்மானப் பட்டியலை முழுக்கப் படிக்க வேண்டும்.

தேவைக்கு மேல் விடவும் வேண்டாம். இறால் சேராதவருக்கு நண்டும் பெரும்பாலும் சேராது, இரண்டிலும் ட்ரோபோமயோசின் என்ற ஒரே வகைப் புரதம் இருக்கிறது, கரப்பான் பூச்சியிலும் தூசிப்பூச்சியிலும்கூட அதுவே. மீனில் ஒவ்வாமை தருவது வேறு புரதம், ஆகவே இறால் சேரவில்லை என்பதற்காக வஞ்சிரத்தையும் விட வேண்டியதில்லை. பால் குடித்தால் வயிறு உப்பி வயிற்றோட்டம் போவது பாலிலுள்ள சர்க்கரை செரிக்காததால், அது ஒவ்வாமை இல்லை, அதனால் முகம் வீங்காது, அவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும்.

பந்தியில் உட்காரும்போது ‘கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது’ என்று வற்புறுத்துவார்கள், அன்பினால்தான். ‘எனக்குப் பிடிக்காது’ என்று மழுப்பாதீர்கள், ‘இது சாப்பிட்டால் எனக்கு மூச்சு அடைக்கும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும்’ என்று நேராகச் சொல்லுங்கள், பரிமாறுகிறவர் கரண்டியை மாற்றிக்கொண்டு வருவார். கடுமையான எதிர்வினை ஒரு தடவை வந்திருந்தால் அட்ரினலினை எப்படிக் கையில் வைத்திருப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். தானாக அழுத்திப் போடும் பேனா வகை நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை, சிலருக்கு ஆம்பியூலும் சிரிஞ்சும் கொடுத்து வீட்டில் இருப்பவருக்குப் பழக்கிவிடுவார்கள்.

வீங்கிய நாளைச் சமாளிக்க

மூச்சு, தொண்டை எல்லாம் சரியாக இருந்து, இமையோ உதடோ மட்டும் வீங்கியிருந்தால், மருத்துவர் உங்களுக்குச் சொல்லி வைத்திருக்கும் ஒவ்வாமை மாத்திரையைப் போட்டுவிட்டு, துணியில் சுற்றிய ஐஸை விட்டு விட்டு ஒற்றிக் கொடுங்கள். தலையணையை உயர்த்திப் படுங்கள், வெந்நீர்க் குளியல், வெயில், மது, வலி மாத்திரை வேண்டாம். காய்ச்சலோ வலியோ இருந்தால் பாராசிட்டமால் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். மூக்குத்தி, மோதிரம் இறுக்கமாக இருந்தால் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். அன்று தனியாக இருக்காதீர்கள், குறைந்தது பக்கத்து வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள், முதல் சில மணி நேரம் தூங்கிவிடாமல் இருப்பது நல்லது.

ஆறு வாரத்துக்கு மேலாகத் தடிப்போ வீக்கமோ வந்து வந்து போகிறது, நோட்டில் எந்த உணவும் சிக்கவில்லை என்றால், அது பெரும்பாலும் உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள் தாமாகவே தூண்டப்பட்டு வரும் நாள்பட்ட காணாக்கடி. இதற்கு உணவு காரணமாக இருப்பது அரிது. தூக்கம் வராத வகை மாத்திரையை வீக்கம் வந்த அன்று மட்டும் போடாமல் தினமும் போட்டு வரச் சொல்வார்கள், அடங்காவிட்டால் வழக்கமான அளவைப்போல நான்கு மடங்குவரை மருத்துவரே கூட்டுவார், அதற்கும் அடங்காவிட்டால் ஓமலிசுமாப் என்ற ஊசி இருக்கிறது. நிறையப் பேருக்குச் சில வருஷங்களில் தானாகவே அடங்கியும் விடும்.

தோல் மருத்துவரிடமோ ஒவ்வாமை நிபுணரிடமோ போகும்போது நோட்டு, போட்டோக்கள், பழைய ரிப்போர்ட்டுகள், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளும், நாட்டு மருந்தும் சத்து மாவு டப்பாவும் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அருகில் நிபுணர் இல்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவு வெளிநோயாளிகள் பகுதியில் காட்டலாம், ரத்தமும் சிறுநீரும் அங்கேயே பார்த்துவிடுவார்கள். நிறுத்தி வைத்திருக்கும் உணவுகளின் பட்டியலையும் காட்டி, இதில் எதையெல்லாம் நான் திரும்பச் சாப்பிடலாம் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.